மழையில் பழுக்கும் குடம்புளி

நாகர்கோவிலில் இருந்து தக்கலை வழியாகக் குலசேகரத்தைத் தாண்டிவிட்டால் நாஞ்சில் நாட்டு வயல்கள் பின்னே போய், ரப்பர் தோட்டங்கள் வந்துவிடும். பேச்சிப்பாறை வரை வழிநெடுக வீட்டுப் புரையிடங்கள். தென்னை, பலா, நல்லமிளகுக் கொடிகளுக்கு நடுவே குடம்புளி மரமும் நிற்கும். மீன்குழம்புக்கு இதன் தோடு போதும். சட்டியில் இரண்டு துண்டு போட்டால் மறுநாளும் குழம்பு கெடாது.

சிக்கல் என்னவென்றால், தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில்தான் பழம் மஞ்சளாகி உதிரும். ஒரு நாள் தவறினாலும் அழுகும். அதனால் வீட்டுப் பெண்கள் காலையிலேயே பொறுக்கிக் கழுவி, பூசணி போன்ற வரிப்பள்ளத்தில் விரலால் அழுத்திப் பிளக்கிறார்கள். வழவழப்பான சதையோடு விதை தனியே வந்துவிடும். கத்தி தேவையென்றால் எவர்சில்வர் கத்தியே நல்லது. புளிப்பு இரும்பை அரிக்கும்.

விதை நீக்கிய தோட்டை வெயில் இருந்தால் முற்றத்திலும், இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலுள்ள பரணிலும் காயவைக்கிறார்கள். உலர்த்தும் கருவியில் 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் வைக்க வேண்டாம், வாடை ஏறிவிடும். கறுத்துக் காய்ந்த தோடு 1 கிலோவுக்கு 150 கிராம் உப்பும் 50 மில்லி தேங்காய் எண்ணெயும் பிசறி வைத்தால் மெதுவாக இருக்கும், பூசணமும் அண்டாது.

பலரும் விதையைத் தென்னை மூட்டில் கொட்டிவிடுகிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் அதே விதையைக் காயவைத்து, பருப்பிலிருந்து நெய் போன்ற கொழுப்பு எடுத்துச் சமைக்கிறார்கள். ஆனால் அங்கே தோடு உலர்த்தவே காட்டு விறகு ஏராளமாகச் செலவானது. நம் வீடுகளில் சிரட்டையும் தென்னை மட்டையும் இருக்கும்போது மரம் வெட்டத் தேவையில்லை.

கேள்வி: விதை போட்டு வளர்த்த குடம்புளி 10 வருடமாகியும் காய்க்கவில்லை. வெட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். விதைக் கன்று காய்க்க 10 முதல் 12 வருடம் ஆகும். இதில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. விதைக் கன்றுகளில் பாதிக்கு மேல் ஆணாகிவிடலாம். பூக்கும்போது பாருங்கள். பூவின் நடுவில் உருண்டைப் பிஞ்சு இருந்தால் பெண். ஆண் என்றால், பெண் மரத்தில் நேராக மேல்நோக்கி வளரும் குச்சியை எடுத்து மேலொட்டு கட்டலாம். புதிதாக நடுபவர்கள் ஒட்டுக்கன்றே வாங்குங்கள். 3-ம் வருடமே காய்க்கத் தொடங்கும். மகரந்தத்துக்கு ஒரு ஆண் மரம் பக்கத்தில் நிற்கட்டும்.