கண்டிக்கு ஆறு தூதுவர்கள்

சிவிலைசேஷன் என்றொரு கணனி விளையாட்டு இருக்கிறது. சிட் மையர் என்பவரின் பெயரோடு 1991 இல் வெளிவரத் தொடங்கியது. அதன் ஆறாவது பதிப்பு 2016 இல் வந்தது. கண்ட இடத்தில் சுட்டுத் தள்ளும் விளையாட்டு அல்ல. சதுரங்கம் போல நாம் ஒரு முறை நகர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் நகர்த்தி முடித்த பிறகுதான் எமக்கு அடுத்த முறை. கி.மு. 4000 இல் ஒரு சிறு குடியேற்றத்தோடு தொடங்கி, விண்வெளிக்கு ரொக்கட் அனுப்பும் காலம் வரை ஒரு நாகரிகத்தை வளர்த்தெடுக்க வேண்டும். இதை வாசிக்கும் உம்மாக்கள் பயப்பட வேண்டாம். நடுவில் எழுந்துபோய்ச் சோற்றை வடித்துவிட்டு, தொழுதுவிட்டு வந்தாலும் உலகம் அப்படியே எமக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

பெரிய வல்லரசுகளுக்கு நடுவே சின்னச் சின்ன நகர அரசுகளும் அந்த உலகப் படத்தில் இருக்கும். அவற்றுக்கு ஒரேயொரு நகரம்தான். விளையாட்டில் அவை ஒருபோதும் வெல்ல முடியாது. போட்டியிலேயே அவை இல்லை. பெரியவர்கள் அவற்றின் நட்பைச் சம்பாதிக்கலாம், அல்லது படையெடுத்து விழுங்கிவிடலாம். ஜெரூசலம், காபூல், சன்சிபார் என்று போகும் அந்தப் பட்டியலில் கண்டியும் இருக்கிறது. மாத்தளையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் போய் இறங்குகிற அதே கண்டிதான்.

நட்பை வளர்க்கும் முறை இப்படி. ஒரு நகர அரசை உலகில் முதன்முதலாகக் கண்டுபிடிப்பவருக்கு அங்கே ஒரு தூதுவர் இலவசமாகக் கிடைப்பார். பிறகு எமது செல்வாக்கு கூடக் கூடத் தூதுவர்கள் சேர்வார்கள். அவர்களை விரும்பிய இடத்துக்கு அனுப்பலாம். அந்தச் சிறிய அரசும் இடைக்கிடை எதையாவது கேட்கும். எங்களோடு வணிகப் பாதை திறவுங்கள், பக்கத்தில் இருக்கும் கொள்ளையரின் பாசறையை அகற்றுங்கள் என்பதைப் போல. செய்து கொடுத்தால் இன்னுமொரு தூதுவர். ஒன்று, மூன்று, ஆறு என்ற எண்ணிக்கைகளைத் தொடும்போது எமக்குப் பலன் கூடுகிறது. ஆகக் குறைந்தது மூன்று பேர் இருந்து, வேறு எவரையும் விட எமது தொகை அதிகமாகவும் இருந்தால் நாம்தான் அதற்கு மேலாதிபதி. கண்டியின் மேலாதிபதிக்கு, ஓர் இயற்கை அதிசயத்தைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புனிதச் சின்னம் கிடைக்கும். தலதாவை வைத்திருப்பவரே அரசர் என்று நம்பிய ஒரு நகரத்துக்கு இந்தப் பலனைக் கொடுத்தவர்கள் வரலாற்றைக் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும்.

சன்சிபாரின் கதைதான் எனக்குச் சிரிப்பு. அதன் மேலாதிபதிக்குக் கறுவாவும் கராம்பும் கிடைக்கும். அந்த விளையாட்டு உலகில் வேறு எங்கேயும் அவை இரண்டும் இல்லையாம்! வாப்பாவிடம் இதைச் சொன்னேன். வாப்பா தோட்டங்களில் கராம்பும் மிளகும் சாதிக்காயும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் சிறு வியாபாரி. கராம்பு காலத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் கால் வைக்க இடமிருக்காது, எல்லாம் பாய்தான். "கறுவா எங்கட நாட்டுச் சாமானெண்டு அவனுகளுக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். கராம்பு சன்சிபாருக்கே 19ஆம் நூற்றாண்டில்தான் கொண்டுபோய் நடப்பட்டது. அதன் பூர்வீகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள்.

இந்த விளையாட்டை எனக்குப் பழக்கியவர் நானா. தோஹாவுக்கு வேலைக்குப் போகும்போது பழைய மடிக்கணனியை எனக்கு விட்டுவிட்டுப் போனார். உயர்தரத்தில் நான் வரலாறும் அரசியல் விஞ்ஞானமும் தமிழும் எடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு மணித்தியாலம் விளையாடலாம் என்பது உம்மாவோடு செய்த ஒப்பந்தம். நானா வட்ஸ்அப்பில் எடுத்தால் முதலில் சுகம் விசாரிப்பார், அடுத்த கேள்வி "கண்டிய எடுத்திட்டியா?" என்பதுதான். நானா விளையாடும் விதம் வேறு. சிறிய நகரங்களைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடுவார். ஒரு மதிலும் நாலு வில்வீரர்களும்தானே, எதற்குத் தூதுவரை வீணாக்க வேண்டும் என்பது அவரது வாதம்.

இப்போது நான் விளையாடுவது ஸலாஹுத்தீன் ஐயூபியாக. கண்டியின் மறுபக்கத்தில் இருப்பவர் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப். கணனி தானாகத் தெரிந்தெடுத்த எதிரிதான், ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோட்டை மன்னன் தர்மபால 1580 இல் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக்கொடுத்தான். 1597 இல் அவன் இறந்தபோது போர்த்துக்கல்லின் முடியும் இதே பிலிப்பின் தலையில்தான் இருந்தது. ஆகவே கோட்டை இராச்சியத்துக்கு உரிமை கோரியவர் இவர். கண்டிக்கு மேல் இவருக்குக் கண் இருப்பது புதிய விடயமல்ல.

உண்மையான கண்டிக்கும் தூதுவர்கள் வந்து போனார்கள். அவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திரையின் மூலையில் இருக்கும் அந்த எண்ணிக்கை ஞாபகம் வரும். 1638 இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரைத் துரத்துவதற்காக ஒல்லாந்தரோடு மட்டக்களப்பில் ஒப்பந்தம் செய்தான். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது அரசன் விரும்பினால் மட்டுமே என்று ஒரு பிரதியில் இருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியில் அந்த வார்த்தைகள் இல்லை. 1656 இல் கொழும்பு விழுந்தது. போர்ச்செலவு பாக்கி இருக்கிறதென்று சொல்லி ஒல்லாந்தர் அதைக் கொடுக்காமலேயே விட்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள்.

பிறகு ஆங்கிலேயர். 1762 இல் பைபஸ் மதராஸிலிருந்து திருகோணமலைக்கு வந்து கண்டிக்குப் போனார். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு போரில் இருந்த நேரம் அது. பேசினார், கேட்டார், உறுதியான உதவி எதையும் தராமல் திரும்பிவிட்டார். இருபது வருடங்களுக்குப் பின் 1782 இல் ஹியூ பொயிட் வந்தார். அரசன் மாறியிருந்தான், அரண்மனை மறந்திருக்கவில்லை. முன்பு வந்தவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லிக்காட்டி, ஒப்பந்தம் வேண்டுமென்றால் கம்பனியிடமிருந்து அல்ல, இங்கிலாந்து மன்னரிடமிருந்தே வரட்டும் என்று இராஜாதி இராஜசிங்கன் திருப்பி அனுப்பிவிட்டான்.

விளையாட்டின் ஆறாவது பதிப்புக்கு இந்த ஞாபகம் இல்லை. அனுப்பிய தூதுவர் அனுப்பியபடி இருப்பார். நாம் நூறு முறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் எண்ணிக்கை குறையாது. ஐந்தாவது பதிப்பு இந்த விடயத்தில் நேர்மையானது. அதில் கவனிக்காத நட்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும்.

தேயாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று நான் பார்த்தது வீட்டில்தான். எங்களுக்குக் கராம்பு தரும் தோட்டங்களில் ஒன்று ஒரு சிங்கள ஆச்சியம்மாவுடையது. பத்துப் பன்னிரண்டு மரம்தான் இருக்கும். சில வருடங்களில் வாப்பாவுக்கு அதில் இலாபமே இல்லை. இருந்தாலும் காய்க்காத காலத்திலும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். பெருநாளைக்கு வட்டிலப்பம் போகும். சித்திரைப் புத்தாண்டுக்கு அங்கிருந்து கொக்கிஸும் பணியாரமும் வரும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் எங்கள் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது எனக்குப் பத்து வயது. ஊரடங்கு, கதவெல்லாம் பூட்டு, வெளிச்சம்கூடப் போடாமல் இருந்தோம். அன்று இரவு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் தொலைபேசி அழைப்பு ஆச்சியம்மாவுடையது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வாருங்கள், என் மகன் வாசலில் இருப்பான் என்றார். போக வேண்டிய நிலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கண்டி இராச்சியம் சிறியதென்றால் அதற்குள் நாங்கள் இன்னும் சிறியவர்கள். 1626 இல் போர்த்துக்கேயர் தம் பிரதேசத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது செனரத் மன்னன் இடம் கொடுத்தான். பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏற்றி வந்ததும், பாக்கும் மிளகும் இறக்கிப் போனதும் எம்மவர்கள்தான். ஆனால் 1817 ஐப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனது பிசைகிறது. ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவில் இருந்த முஸ்லிம்களைக் கண்டிப் பிரதானியின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹஜ்ஜி மரிக்கார் என்பவரை அவர்களுக்கு முகாந்திரமாக நியமித்தார்கள். ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி மூண்டதற்கு அதுவும் ஒரு காரணம். மரிக்கார் கிளர்ச்சியாளர்களிடம் அகப்பட்டு உயிரிழந்தார். பரீட்சையில் இது ஒரு வரி விடை. அந்த நியமனத்துக்கு அடுத்த நாள் அவருடைய மனைவி எந்த வீட்டில் போய்த் தீக்கங்கு வாங்கியிருப்பாள், அயலவர்கள் அவளோடு எப்படிப் பேசியிருப்பார்கள் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை.

விளையாட்டிலும் இதற்கு ஒரு விதி இருக்கிறது. மேலாதிபதி போருக்குப் போனால் நகர அரசும் கூடவே போருக்குப் போய்விடும். அதனிடம் விருப்பம் கேட்கும் ஒரு பொத்தான்கூடக் கிடையாது.

இப்போது என் ஆட்டம் முறை 212 இல் நிற்கிறது. பிலிப்பின் படைகள் என் எல்லையில் குவிகின்றன, போர் நிச்சயம். கண்டியில் எனக்கு ஆறு தூதுவர்கள், பிலிப்புக்கும் ஆறு. தொகை சமமாக இருக்கும்வரை கண்டிக்கு மேலாதிபதி என்று யாரும் இல்லை. ஆகவே அது இரண்டு பக்கமும் சேராமல் இருக்கும். யோசித்துப் பார்த்தால் உண்மையான கண்டியும் அப்படித்தான் பிழைத்தது. கரையோரத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாக இரண்டு பேர் இருக்கும்வரை அதற்கு மூச்சுவிட இடமிருந்தது. 1796 இல் ஆங்கிலேயர் மட்டும் மிஞ்சினார்கள். அதன்பின் 19 வருடங்கள்தான்.

என் கையில் ஒரு தூதுவர் மிச்சமிருந்தார். அவரைக் கண்டிக்கு அனுப்பினால் ஏழு. கண்டியின் படை என்னுடையது. பிலிப் முந்திக்கொண்டால் அதே படை எனக்கு எதிராக வரும். போன வெள்ளிக்கிழமை நானா திரையைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"அனுப்பு. என்னத்துக்குப் பாத்திட்டு இருக்கிறாய்?"

"கண்டி சண்டைக்குள்ள வாறது எனக்கு விருப்பமில்ல நானா."

"அது கேம் தங்கச்சி. நீ இப்படி விளையாடினால் வெல்ல மாட்டாய்."

"பாப்பம்" என்று சொல்லிவிட்டு அந்தத் தூதுவரைச் சன்சிபாருக்கு அனுப்பினேன். என் நகரங்களில் மக்கள் கராம்பு இல்லாமல் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள்.