செங்கல் தளத்துக்குக் கீழே: சில குறிப்புகள்

மவுன்ட் வெர்னன். வர்ஜீனியா, பொட்டோமாக் நதிக்கரை. ஜார்ஜ் வாஷிங்டனின் வீடு.

தூரத்திலிருந்து பார்த்தால் கல் கட்டடம். கிட்டே போனால் பைன் மரப்பலகை. ஈரப் பெயின்ட்மேல் மணல் தூவிக் கல்லாக்கியிருக்கிறார்கள்.

2024. வீட்டைப் பழுதுபார்க்கும் 4 கோடி டாலர் வேலை. நிலவறைத் தளத்தைத் தோண்டியபோது இரண்டு பாட்டில்கள். ஏப்ரலில் செய்தி வந்தது. ஜூனில் இன்னொன்று: குழிகளில் 35 பாட்டில்கள், 29 உடையாதவை.

உள்ளே செர்ரி. வேறு சிறு பழங்களும்.

தளத்துச் செங்கல் பாவியது 1770களில். பாட்டில்களின் வடிவம் அதற்கும் முந்தையது, 1740கள் 50கள். ஐரோப்பாவில் ஊதிய கண்ணாடி.

தக்கை இற்று, நிலத்தடி நீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆனாலும் செர்ரிப்பூ வாசம் வந்ததாம். 250 வருஷம் கழித்து!

காம்புகளை விட்டு என் கண் நகரவில்லை. பிய்த்தவை அல்ல. கத்தரித்தவை. வெட்டு சுத்தமாக இருக்கிறது.

மாவடுவைக் காம்போடு பறிக்கச் சொல்வார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். கைப்பக்குவம் என்பது இதுதான்.

யாருடைய கை?

டால். சமையல்காரர். 1759இல் வாஷிங்டனின் மனைவி மார்த்தா கல்யாணமாகி வந்தபோது கூடவே கொண்டுவரப்பட்ட அடிமை. வயது 38. பழம் பதப்படுத்தும் வேலை அவர் மேற்பார்வையில் நடந்திருக்கும் என்கிறார்கள் அகழாய்வாளர்கள். பறித்தவர், கழுவியவர், குழி வெட்டியவர் பெயர் கிடையாது.

வாஷிங்டன், செர்ரி மரம், கோடாலி. நாமும் பள்ளிக்கூடத்தில் படித்த கதை. அவர் இறந்தது 1799. கதை புத்தகத்தில் ஏறியது 1806, வீம்ஸ் என்பவர் எழுதிய வாஷிங்டன் வாழ்க்கை வரலாற்றின் பிந்தைய பதிப்பில்.

அந்தச் செர்ரிக்குப் பாடம் உண்டு. இந்தச் செர்ரியில் கொட்டை உண்டு. எனக்கு இதுதான் வேண்டும்.

அதே வளாகத்தில் இன்னொரு நிலவறை. மேலே இருந்த கட்டடம் 1790களில் இடிபட்டது. அடிமைகள் குடியிருந்த வீடு. தோண்டியதில் மீன்முள், காட்டுப் பறவை எலும்பு, ஈயக் குண்டுகள், துப்பாக்கிச் சக்கிமுக்கிக் கல்.

அப்படியானால் அடிமைகளில் சிலர் கையில் துப்பாக்கி இருந்திருக்கிறது. வேட்டைக்கு.

ரக்கூன் எலும்பு ஒன்றும் கிடைத்தது. ஒரு நுனியைச் சுற்றிக் கீறிய கோடு. கயிறு கட்டி அணிந்திருக்கலாம்.

இரண்டு நிலவறைக்கும் போய்வந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஒன்றில் வேலை, மற்றதன் மேலே தூக்கம்.

பாட்டிலில் கிடைத்த செர்ரிக் கொட்டைகளின் டி.என்.ஏ.வை எடுத்து எந்த ரகம் என்று பார்க்க அமெரிக்க வேளாண் துறையோடு 2024இல் ஏற்பாடு செய்தார்கள்.

1799இல் மவுன்ட் வெர்னனில் அடிமைகள் 317 பேர். வாஷிங்டனுக்குச் சொந்தமான 123 பேருக்கு உயிலில் விடுதலை எழுதினார். மார்த்தாவின் முதல் கணவர் கஸ்டிஸ் வழியாக வந்தவர்களை விடுவிக்கச் சட்டப்படி வாஷிங்டனுக்கு உரிமை இல்லை.

டால் கஸ்டிஸ் பக்கம்.