கண்ணுக்குத் தெரியாத இடமும் வலமும்



உயர்தர இரசாயனவியலில் எதிருருக்கள் பாடம் வந்தால் எங்கள் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான். "கண்ணாடி விம்பம் போல இருக்கிற ரெண்டு மூலக்கூறையும் எப்பிடி சேர் வேறாக்கிப் பார்க்கிற?"

ஒரு வழி, அவற்றை ஒளிர வைப்பது. வலது, இடது கைகளைப் போன்ற இந்த மூலக்கூறுகள் ஒளிரும்போது, வெளிவரும் ஒளியில் ஒரு பங்கு இடஞ்சுழியாகவும் மறு பங்கு வலஞ்சுழியாகவும் திருகி வரும். இரண்டும் சமமில்லை. ஆனால் சாதாரண சேதன மூலக்கூறுகளில் வித்தியாசம் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். எங்கள் கண்ணுக்கு எதுவுமே தெரியாது.

முதலில் இடம், பிறகு வலம் என்று அளந்தால், இடையில் விளக்கு சற்று மங்கினாலே கணக்குப் பிழைத்துவிடும். அதனால் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அதிரும் கண்ணாடித் தகடு ஒன்றும் முனைவாக்கி ஒன்றும் சேர்ந்து, இரண்டையும் மாறி மாறி ஒரே உணரிக்கு அனுப்புகின்றன. அப்படியும் கருவியின் குறை விடையாக வேஷம் போடலாம். எனவே மற்ற எதிருருவையும் வைத்து அளப்பார்கள். அதே அளவு, எதிர்க் குறியோடு வர வேண்டும். வராவிட்டால் அந்த விடையை நம்பமாட்டார்கள்.

இந்தத் துறையில் எங்கள் பக்கத்துப் பெயரும் உண்டு. வட்டமாகச் சுழலும் ஒளியை உண்டாக்கும் சாதாரண தகடு ஒரு நிறத்துக்குத்தான் சரியாக வேலை செய்யும். சி. வி. இராமனின் சகோதரி மகன் பஞ்சரத்தினம், 1955இல் பெங்களூரில் தகடுகளைச் சேர்த்து, பல நிறங்களுக்கும் பொருந்தும் அமைப்பைத் தந்தார். அப்போது வயது 21. 1969இல், 35 வயதில் காலமானார்.

மின்மினியிலும் இது உண்டு. அமெரிக்க மின்மினிப் புழுக்களின் இடப்புற விளக்கும் வலப்புற விளக்கும் எதிரெதிராகச் சுழலும் ஒளியை விடுவதை 1980இல் அளந்து எழுதினார்கள்.

"இதெல்லாம் பெரிய ஆய்வுகூடக்காரங்களுக்கு" என்று எங்கள் பிள்ளைகள் ஒதுங்கிவிடக்கூடாது. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருபவர்கள் முப்பரிமாணப் படக் கண்ணாடி வைத்திருந்தால் வீசாமல் பாடசாலைக்குத் தாருங்கள். அதைப் போட்டு, ஒரு கண்ணை மூடி நிலைக்கண்ணாடியைப் பார்த்தால், வட்ட முனைவாக்க வகையில் திறந்த கண்ணின் வில்லைதான் கறுப்பாகத் தெரியும். நிலைக்கண்ணாடியில் பட்டதும் ஒளியின் சுழற்சி மாறிவிடுகிறது.

ஏன் என்று வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.