பற்றும் வரவும்: ஒரு இன்டர் ரசிகனின் கணக்கு

திருவண்ணாமலையில் கால்பந்து பார்ப்பவர்களே கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரிலும் பாதிப்பேருக்கு இங்கிலாந்து லீக். மீதிப்பேர் மெஸ்ஸியா ரொனால்டோவா என்று சண்டை போடுபவர்கள். இவர்களுக்கு நடுவில் இத்தாலி லீக்குக்காக ராத்தூக்கத்தை விடுகிற ஒருத்தன் இருக்கிறான். பி.காம். மூன்றாம் ஆண்டு. அவன் டீம் இன்டர் மிலான். "ஏன்டா, அந்த லீக்ல கோலே விழாதாமே?" என்பதுதான் அவன் வாழ்க்கையில் அதிகம் கேட்ட கேள்வி.

அவன் பதில் எப்போதும் ஒன்றுதான். கோல் போடுவதை யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம், கோல் விழாமல் தடுப்பதை ரசிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். இத்தாலிக்காரர்கள் தங்கள் பழைய ஆட்ட முறைக்கு வைத்த பெயரே "கத்தெனாச்சோ", அதாவது தாழ்ப்பாள்! அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுத்தான் ஹெலேனியோ ஹெர்ரேரா பயிற்சியில் இன்டர் 1964, 1965 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தது. இன்றைய சீரி ஆ அப்படி இல்லை, கோல்கள் நன்றாகவே விழுகின்றன. ஆனாலும் கெட்ட பெயர் மட்டும் போகவில்லை.

அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது மிலானில் இருந்து அல்ல, சென்னையில் இருந்து. 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி.க்குப் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தவர் மார்கோ மாத்தராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடேன் தலையால் முட்டினாரே, அந்த முட்டு வாங்கியவர். ஆனால் அதே ஆட்டத்தில் இத்தாலிக்காகக் கோல் போட்டவரும் அவர்தான் என்பதும், இன்டருக்காகப் பத்து வருடம் ஆடியவர் என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது. அதே 2014 சீசனின் கடைசியில் அலெஸாந்த்ரோ நெஸ்டாவும் சென்னைக்கு வந்து ஆடினார். 2006 உலகக் கோப்பையில் செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் நெஸ்டா காயம்பட்டு வெளியே போக, அவருக்குப் பதில் இறங்கியவர்தான் மாத்தராஸி. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே கோலும் அடித்தார். அந்த இரண்டு பேரும் எட்டு வருடம் கழித்து ஒரே சென்னை டீமில்!

அடுத்த வருடம், 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் மிதந்தது. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 20-ல் கோவாவில் இறுதி ஆட்டம். 90-வது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கி இருந்த சென்னை கடைசியில் 3-2 என்று ஜெயித்தது. அதை டிவியில் பார்த்தபோது அவனுக்குப் பதினோரு வயது. "இந்த மொட்டைத்தலை கோச் யாரு?" என்று தேட ஆரம்பித்தவன் இன்டரில் போய் விழுந்தான்.

அதிலிருந்து வாரக் கடைசியில் தூக்கம் இல்லை. மிலானில் இரவு 8.45-க்கு ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் இங்கே நள்ளிரவு 1.15. வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாது என்று காதில் இயர்போன், மேலே போர்வை. 2024 ஏப்ரல் 22-ல் ஏ.சி. மிலானை 2-1 என்று தோற்கடித்து இன்டர் இருபதாவது முறை லீக் பட்டம் வாங்கியபோது கத்தக்கூட முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தான். 2025 மே 31-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பாரீஸ் டீமிடம் 0-5 என்று தோற்றபோதும் அதே தலையணைதான்.

ஆனால் தோல்வியைவிட அவனைத் தூங்கவிடாத விஷயம் வேறு.

2018 டிசம்பர் 26, சான் சிரோ மைதானம், இன்டர் - நபோலி ஆட்டம். நபோலியின் டிஃபெண்டர் கலிடூ கூலிபாலி செனகல் நாட்டு ஆட்டக்காரர், கறுப்பர். அவர் காலில் பந்து வரும்போதெல்லாம் இன்டர் கேலரியில் இருந்து குரங்கு போலச் சத்தம். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நபோலி தரப்பு பலமுறை கேட்டும் ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் கூலிபாலியே இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். இன்டர் 1-0 என்று ஜெயித்தது. பிறகு இன்டரின் இரண்டு சொந்த மைதான ஆட்டங்களை ரசிகர்கள் இல்லாமல் நடத்தச் சொல்லித் தண்டனை வந்தது.

இதைப் படித்துவிட்டு கிளாஸில் ஒருவன் கேட்டான். "நீ இருக்கிற கலருக்கு அந்த கேலரியில போய் உட்கார்ந்தா உன்னையும் அப்படித்தான் கத்துவானுங்க. அப்புறம் எதுக்குடா இந்த டீமு?"

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் அவனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் நல்ல கறுப்பு.

பதில் தேடி கிளப்பின் வரலாற்றைத் தோண்டினான். 1908 மார்ச் 9-ல் மிலான் கிளப்பில் இருந்து ஒரு கூட்டம் பிரிந்து வந்து தொடங்கியதுதான் இன்டர். பிரிந்த காரணம் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்க்கலாமா கூடாதா என்ற தகராறு. சேர்க்கலாம் என்றவர்கள் இவர்கள். அதனால்தான் பெயரே இன்டர்நாசியோனாலே. அந்தப் பெயர் பிடிக்காமல் முசோலினி ஆட்சியில் 1928-ல் "அம்புரோசியானா" என்று மாற்ற வைத்தார்கள். யுத்தம் முடிந்த பிறகுதான் பழைய பெயர் திரும்பியது. அப்படிப்பட்ட கிளப்பின் கேலரியில் இருந்தா அந்தச் சத்தம்?

2005-லும் இது நடந்திருக்கிறது. மெஸ்ஸினா டீமின் மார்க் ஸோரோ, இன்டர் ரசிகர்களின் கூச்சல் தாங்காமல் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறக் கிளம்பினார். அவரிடம் போய்ப் பேசித் தடுத்தவர்களில் ஒருவர் இன்டரின் அட்ரியானோ. கூச்சல் போட்டதும் இன்டர், ஆறுதல் சொன்னதும் இன்டர். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

காமர்ஸ் மாணவனுக்கு இதில் குழப்பம் இருக்கக் கூடாது. கணக்குப் பதிவியலில் இரண்டு பக்கமும் எழுதியே ஆக வேண்டும். வரவை மட்டும் எழுதி, பற்றை மறைத்தால் அது கணக்கே இல்லை, மோசடி. டெபிட்டுக்குத் தமிழில் பற்று என்றுதான் பெயர். அன்புக்கும் அதே பெயர்தான்!

அவன் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இதுதான். டீமைப் பிடித்திருக்கிறது என்பதற்காக கேலரி செய்ததற்கு வக்கீலாகப் பேச வேண்டியதில்லை. கேலரி கெட்டது என்பதற்காக டீமை விட வேண்டியதும் இல்லை. ஆனால் தப்பை முதலில் சொல்ல வேண்டியவன் எதிர் டீம் ரசிகன் அல்ல, சொந்த டீம் ரசிகன்தான். எதிரி சொன்னால் அது போட்டி, நம் ஆள் சொன்னால்தான் உறைக்கும். 2024 ஜனவரியில் உதினே நகரில் இதே மாதிரிக் கூச்சலால் ஏ.சி. மிலான் கோல்கீப்பர் மைக் மெய்ன்யான் மைதானத்தை விட்டு வெளியேறியபோது, பரம வைரியான இன்டரின் இந்த ரசிகன் முதல் தடவையாக மிலான் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். ஆட்டம் மறுபடி தொடங்கி மிலான் 3-2 என்று ஜெயித்தது.

இத்தாலியை மட்டும் திட்டிவிட்டுத் தூங்கப் போகவும் அவனால் முடியவில்லை. ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர் யாராவது வெறுங்காலோடு நடந்து போனால் ஊரே மரியாதையாகச் சிரிக்கிறது. அதே ஊரில் அவனுக்கு ஆறாம் வகுப்பில் இருந்து "கரிச்சட்டி" என்று பெயர். வைத்தவன் எதிரி இல்லை, பக்கத்து பெஞ்சு நண்பன். சான் சிரோவில் கத்தியவனைக் கேட்டாலும் "சும்மா ஜாலிக்கு" என்றுதானே சொல்லியிருப்பான்?

போன மாதம் காலேஜ் மைதானத்தில் ஒரு ஆட்டம். எதிர் டீம் கோல்கீப்பரைப் பார்த்து இவன் டீம் பையன் ஒருவன் அதே மாதிரி ஒரு பெயர் சொல்லிக் கத்தினான். இவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டான். "மறுபடி சொன்னா நான் ஆடல" என்றான். ஓவரா பண்றான் என்று சிலர் சிரித்தார்கள். இரண்டு நிமிடம் கழித்து ஆட்டம் தொடர்ந்தது. இவன் டீம் தோற்றது.

ஆனால் மிச்ச நேரம் முழுக்க அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை.