நகர்த்தாமல் முடிந்த வேலை

சென்னை ரிச்சி தெருவில் கேபிளும் சார்ஜரும் விற்கிறவர்கள் கீழே இருப்பார்கள்; பழுது பார்க்கிறவர்கள் பெரும்பாலும் மாடியில். குறுகலான படியேறி நான் போன கடையில் இரண்டு மேசை, மூன்று பேர். ஒரு பொறியியல் மாணவர் லேப்டாப்பை நீட்டினார். 512 ஜிபி எஸ்எஸ்டி. உபுண்டுவுக்கு 40 ஜிபிதான் ஒதுக்கியிருந்தார், அது நிரம்பிவிட்டது. விண்டோஸின் சி டிரைவிலோ பாதி காலி.

"அதுலேர்ந்து நூறு ஜிபி எடுத்து இதுல சேர்த்துடுங்கண்ணா. அஞ்சு நிமிஷ வேலைதானே?"

"பேக்கப் இருக்கா தம்பி?" என்றார் மூத்தவர். இல்லை. "அப்போ முதல்ல அது."

வெளி டிஸ்க்கில் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசைப் பெண் எஸ்எஸ்டியின் ஆரோக்கியக் கணக்கைப் பார்த்தார். டிஸ்க்கே சாகக் கிடந்தால் பார்ட்டிஷனில் கை வைக்க மாட்டார்களாம். அடுத்து பிட்லாக்கர், அதாவது டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்கம். பல புதிய லேப்டாப்களில் அது சொல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். இந்த மாதிரி வேலைக்குப் பிறகு அது கேட்கும்போது 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாவிட்டால் உரியவரையே உள்ளே விடாது. மாணவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எடுத்து, தாளில் எழுதிக்கொள்ள வைத்தார்கள்.

விண்டோஸ் டிரைவை விண்டோஸை வைத்தேதான் சுருக்குவது என்பது இந்தக் கடையின் வழக்கம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து கேட்டால், 200 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும் 18 ஜிபிதான் தர முடியும் என்றது. மாணவரின் முகம் வாடியது. காரணம், ஹைபர்னேட் கோப்பு, பேஜ் கோப்பு, ரீஸ்டோர் பாயின்ட் போன்றவை டிரைவின் கடைக்கோடியில் உட்கார்ந்திருந்தன. ஓடுகிற விண்டோஸால் அவற்றை நகர்த்த முடியாது. அந்தப் பெண் ஒவ்வொன்றாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி கேட்டார். இப்போது தாராளமாகத் தந்தது. ஹைபர்னேட்டை அணைத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதோடு நின்றுவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்வரை 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. தன் நிலையைக் கோப்பில் எழுதிவிட்டுத் தூங்கும். அந்த நிலையில் லினக்ஸ் பக்கமிருந்து சி டிரைவில் எழுதப்போனால் கோப்புகள் சிதையக்கூடும்.

நூறு ஜிபி காலியிடம் கிடைத்தது. சேர்த்துவிட வேண்டியதுதானே என்று நானும் எதிர்பார்த்தேன். மூத்தவர் பார்ட்டிஷன் வரிசையை விரலால் தொட்டுக் காட்டினார். சி டிரைவ், காலியிடம், அதற்கப்புறம் விண்டோஸ் ரெகவரி, அதற்கும் அப்பால் உபுண்டு. சேர்ப்பதானால் ரெகவரியை நகர்த்த வேண்டும், உபுண்டுவின் தொடக்கத்தை முன்னால் இழுக்க வேண்டும். பார்ட்டிஷனின் முடிவை நீட்டுவது எளிது. தொடக்கத்தை அசைத்தால் உள்ளே இருப்பதையெல்லாம் புது இடத்துக்கு மாற்றி எழுத வேண்டும். பாதியில் கரண்ட் போனால் பாதி இங்கே, பாதி அங்கே.

"நகர்த்தாமலே முடியும்னா ஏன் நகர்த்தணும்?"

காலியிடத்தில் புதிதாக ஓர் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் போட்டு, மாணவரின் ஹோம் ஃபோல்டரை அதற்குக் குடிமாற்றினார். துவங்கும்போது உபுண்டு அதைக் கண்டுகொள்ள, எஃப்எஸ்டேப் கோப்பில் அதன் அடையாள எண்ணை எழுதினார். பழைய ஃபோல்டரை அழிக்கவில்லை, பெயரை மட்டும் மாற்றி வைத்தார். ஒட்டி வைப்பதைவிட இது மேல் என்று முடிவெடுத்த அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் மாணவர் கூலி கொடுக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "மவுஸை நாலு தரம் தட்டுறதுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறவர்கள் இந்த நிமிடத்தைப் பார்ப்பதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

மூத்தவர் இந்த வேலையைப் பழகியது, 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். இடம் போதவில்லை என்று பிள்ளைகள் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிடுவார்கள். மெஷினைத் துவக்கும் கிரப்பின் கோப்புகள் அதற்குள்தான் இருந்தன. மறுமுறை போட்டால் கருந்திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கும். அழுதுகொண்டே வந்த பிள்ளைகளுக்கு விண்டோஸின் துவக்கப் பகுதியை மீண்டும் எழுதிக் கொடுத்தாராம்.

இரண்டு ஓஎஸ்ஸையும் மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தார்கள். பேஜ் கோப்பைத் திரும்பப் போட்டார்கள். ஹைபர்னேட்டை அணைத்தபடியே விட்டார்கள். "பேக்கப்பை ஒரு வாரம் தொடாதே தம்பி. எல்லா ஃபைலும் திறக்குதான்னு பார்த்துட்டு, அப்புறமா பழைய ஃபோல்டரை அழி."