பாறை மீண்டும் முளைப்பதில்லை

கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை காரோட்டில் முடிகிறது; அதற்கப்பால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று வகுக்கப்பட்ட எல்லை மக்களைப் பிரித்தது, கல்லைப் பிரிக்கவில்லை. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்காகக் குமரி, நெல்லை மாவட்டங்களின் குவாரிகளிலிருந்து பாறை ஏற்றிய லாரிகள் ஆண்டுக்கணக்கில் இந்த எல்லையைக் கடந்தன. சாலையோரத்தில் வாழ்வோர் புழுதியைப் பற்றியும் விபத்து அச்சத்தைப் பற்றியும் பேசுகின்றனர். அவை நியாயமான கவலைகளே. ஆனால், உடைபடுமுன் அந்தப் பாறையில் எவை வாழ்ந்தன என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

அக்கேள்விக்கு விடை சொல்லத்தக்க பறவை ஒன்று தென்னிந்தியாவில் உண்டு: மஞ்சள் தொண்டைச் சின்னான். வீட்டு முற்றத்துக்கு வரும் கொண்டைக்குருவியின் உறவினம். ஆனால் கொண்டை இல்லை. முதுகு ஆலிவ் பச்சை. தலையும் தொண்டையும் மஞ்சள். 1840களில் தாமஸ் ஜெர்டன் இதனை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. காரோட்டின் ரப்பர்த் தோட்டங்களும் வாழைத் தோப்புகளும் இதன் வாழிடமல்ல. கேரளத்தில் இதைக் காண மழைமறைவுப் பகுதியான சின்னாறுக்குச் செல்ல வேண்டும். கர்நாடகத்தின் நந்தி மலை, ஆந்திரத்தின் ஹார்ஸ்லி மலை, தமிழகத்தின் சேர்வராயன் மலை எனப் பாறைகளும் புதர்களும் கலந்த வறண்ட சரிவுகளிலேயே இது சிதறி வாழ்கிறது.

வெயிலில் கொதிக்கும் பாறையில் ஒரு பறவைக்கு என்ன கிடைக்கும்? பாறையில் விழும் மழைநீர் வழிந்து அடிவாரத்தில் தேங்குகிறது. வெடிப்புகளில் மண் சேர்கிறது. அங்கே அத்தி இனங்கள் வேரூன்றுகின்றன. வெட்டுக்கத்தியும் ஆட்டு மந்தையும் எளிதில் எட்டாத இடுக்குகளில் புதர்கள் தழைக்கின்றன. சின்னான் பழங்களையும் பூச்சிகளையும் உண்கிறது. உண்ட பழத்தின் விதைகளை வேறோர் இடத்தில் எச்சத்தோடு விட்டுச் செல்கிறது. பாறை செடிக்கு இடம் தருகிறது. செடி பறவைக்கு உணவு தருகிறது. பறவை செடியைப் பரப்புகிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் இப்பறவையை 'அழிவாய்ப்புள்ள இனம்' என வகைப்படுத்துகிறது. விறகு வெட்டுதல், காட்டுத்தீ, மேய்ச்சல், கல்குவாரி ஆகியன இதன் வாழிடத்தைக் குறுக்குகின்றன. இவற்றுள் குவாரி மட்டும் வேறு வகையானது. வெட்டிய புதர் தழைக்கும். எரிந்த சரிவும் சில மழைக்குப் பின் பசுமையாகும். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பாறை, உடைத்தபின் மீண்டும் முளைப்பதில்லை.

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயிலும் கருங்கல் குன்றுகளை நம்பி வாழும் பாடும் பறவை ஒன்று உண்டு: பௌல்டர் சாட். உருண்டைப் பாறைகளுக்கிடையே தாவித் திரியும் இந்தக் கரிய பறவையின் நிலை இப்போதைக்குக் கவலைக்குரியதல்ல. அது வாழும் மட்டோபோ குன்றுகளின் ஒரு பகுதி தேசியப் பூங்கா. 2003 முதல் அக்குன்றுகள் உலகப் பாரம்பரியச் சின்னமும்கூட. அங்கே பாறைக்கு ஒரு மதிப்பு உண்டு. நம் ஊரிலோ காடல்லாத மொட்டைப் பாறை பெரும்பாலும் புறம்போக்கு. 'தரிசு' என்று எழுதிவிட்டால் அதன் கதை முடிந்தது. மரம் விழுந்தால் கேட்பதற்குச் சிலராவது இருக்கின்றனர். பாறை விழுந்தால் அது கனமீட்டர்க் கணக்காகிறது.

கல்லே வேண்டாம் என்று சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. ஆற்றுமணலுக்குத் தட்டுப்பாடு வந்தபின் எம்-சாண்டும் பாறையிலிருந்தே வருகிறது. காரோட்டின் வீடுகளும் அந்தக் கல்லின் மேல்தான் நிற்கின்றன. வேண்டுவது ஒன்றே: குவாரிக்கு உரிமம் வழங்குமுன், ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் அந்தக் குன்றின் உயிர்களைக் கணக்கெடுக்க வேண்டும். கனிமத்தை அளப்பவரோடு பறவையை அறிந்தவரும் ஏறட்டும். புதருக்குள் மறையும் கூச்சமுள்ள பறவையை ஒரு நண்பகல் பார்வையில் காண முடியாது. காணவில்லை என்பதாலேயே இல்லை என்று எழுதிவிட்டால், அந்தப் பிழையைத் திருத்தத் திரும்பிப் போகும்போது அங்கே குன்று இருக்காது.