குரைக்கிற நாயும் கடிக்கும்

ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் தி. நகர் வகுப்புகளில் நாய்களுக்குப் பஞ்சமே இல்லை. மழை கொட்டினால் 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'. தப்பான ஆளைச் சந்தேகப்பட்டால், தவறான மரத்தடியில் நின்று குரைக்கிறாய் என்பார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொடர்களில் சிலவற்றைப் பிள்ளைகள் நிஜ நாய்க்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை.

'பார்க்கிங் டாக்ஸ் செல்டம் பைட்' என்பதும் நம் 'குரைக்கிற நாய் கடிக்காது' என்பதும் வாய்வீச்சுக்காரர்களைப் பற்றிச் சொன்னவை. மயிலாப்பூர் மாட வீதிகளில் குட்டி போட்ட தாய் நாயிடம் இது செல்லாது. அது குரைப்பது, "கிட்டே வராதே" என்பதற்காக. அதையும் மீறிப் போனால் கடிக்கத்தான் செய்யும்.

இதற்கு மாறாக, 'லெட் ஸ்லீப்பிங் டாக்ஸ் லை' என்ற தொடரை எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லித்தரலாம். பழைய சண்டையைக் கிளறாதே என்பது அதன் பொருள். அடையாற்றுச் சந்துகளில் நிறுத்திய கார்களுக்கு அடியில் மத்தியான வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்திருக்கும் நாய்களுக்கோ அது அப்படியே, எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். தூக்கத்தில் வால் மிதிபட்ட நாய், மிதித்தது யார் என்று பார்த்துக்கொண்டிருக்காது.

'எவ்ரி டாக் ஹேஸ் இட்ஸ் டே' என்பார்கள், எல்லாருக்கும் ஒரு நல்ல காலம் வரும் என்ற பொருளில். சென்னை நாய்களுக்கு அந்த நல்ல காலம் 1996-இல் வந்தது. அதுவரை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. எத்தனை கொன்றாலும் காலியான இடத்துக்கு வேறு நாய்கள் வந்தன, குட்டி போட்டன. 1959-இல் கேப்டன் சுந்தரமும் உஷா சுந்தரமும் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இதைப் பல ஆண்டுகள் எடுத்துச் சொல்லிவந்தது. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறை 1996-இல் தென் சென்னையில் மாநகராட்சியின் இசைவோடு தொடங்கியது. 2001-இல் நாடு முழுவதற்குமே இதற்கான விதிகள் வந்தன. காது நுனி வெட்டப்பட்ட நாயைப் பார்த்தால், அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

நம் மொழி நாயைத் தாழ்வாகவே பேசிப் பழகிவிட்டது. மாணிக்கவாசகரும் இறைவன் முன் தன்னைத் தாழ்த்திக்கொள்ள நாயேன் என்றுதான் சொன்னார். ஆனாலும் சிவாலயத்தில் பைரவருக்கு வாகனம் நாய். அதனால்தான் மயிலாப்பூர் மாமிகள் வாசலில் வந்து நிற்கும் நாயை "பைரவர் வந்திருக்கார்" என்று சொல்லிச் சோறு வைக்கிறார்கள். வசையைவிட இந்த மரியாதையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அஞ்சவும் வேண்டாம், சீண்டவும் வேண்டாம் என்கிற பக்குவம் அதில் இருக்கிறது.

அந்த மரியாதையோடு எச்சரிக்கையும் வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயந்த காலம் போய்விட்டது. இப்போது தடுப்பூசியைக் கையில்தான் போடுகிறார்கள், அதுவும் சில ஊசிகளே.

பரீட்சைக்காகப் பிள்ளைகள் எந்தத் தொடரை வேண்டுமானாலும் படிக்கட்டும். தெருவில் இறங்கும்போது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்: நாய் குரைத்தால் நில், ஓடாதே, மெல்ல விலகிப் போ.